மார்கழிக் காலையில் மட்டும்

எங்கள் தெருவில் எனக்குப் 'பெழோக்காரர்' என்று ஒரு பெயர் உண்டு. வண்டி போய் இத்தனை ஆண்டுகள் ஆகியும் பெயர் போகவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பிக்குக்கூட வீட்டு எண்ணைச் சொல்வதைவிட அதைச் சொன்னால் சீக்கிரம் புரிகிறது. பெழோ என்று நான்தான் சொல்வேன். மெக்கானிக் பாய் 'பியூஜாட்' என்பார். என் மனைவி கடைசிவரை 'அந்த சிங்க வண்டி' என்றுதான் சொன்னாள்.

1990களின் நடுவில் மும்பைக்குப் பக்கத்தில் கல்யாணில், பிரீமியர் கம்பெனியும் பிரான்சின் பெழோவும் சேர்ந்து 309 என்ற காரைச் செய்தார்கள். சில ஆண்டுகளிலேயே கூட்டு முறிந்து உற்பத்தி நின்றுபோனது. நான் வாங்கியது 1996ஆம் ஆண்டு டீசல் வண்டி. 2002இல் பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். "கம்பெனியே மூடியாச்சு, ஸ்பேர் கிடைக்காது, மாருதி வாங்குங்க" என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். நம்ம ஊரில் டீசல் விலை குறைவு, அதனால்தான் வாங்குகிறேன் என்று பதில் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் ஒரு பழைய பெழோ 203 வந்து நிற்கும். அதன் மூக்கில் இருக்கும் சிங்கத்தைத் தொட்டுப் பார்த்து டிரைவரிடம் திட்டு வாங்கியவன் நான். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு யு.டி.சி.க்கு அந்தச் சிங்கம் கடனில் கிடைத்தால் விடுவானா?

ஸ்பேர் விஷயத்தில் நண்பர்கள் சொன்னதும் பாதிதான் சரி. அந்த 1527 சி.சி. டீசல் என்ஜினைத்தான் பிறகு மாருதியின் ஜென் டீசலிலும் எஸ்டீம் டீசலிலும் வைத்தார்கள். அதனால் என்ஜின் சாமான்கள் கிடைத்தன. கதவுக் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி, கேபிள்கள், இவைதான் திண்டாட்டம்.

கோளாறு தொடங்கியது 2010 டிசம்பரில். நான் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. மார்கழி பிறந்ததும் மனைவியும் அவள் அக்காவும் விடியற்காலையில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார்கள். முதலியார்பேட்டையில் வீடு. நாலே முக்காலுக்குக் கிளம்பினால் கடலூர் சாலையில் ஏறி, ரயில்வே கேட்டைத் தாண்டி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மகாத்மா காந்தி சாலை. ஆபீஸ் இல்லாத மனிதனுக்கு இதுவும் ஒரு டியூட்டி என்று சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி இழுத்துக்கொண்டே போனது. பிரேக் போட்டால் நிற்கிறது, ஆனால் என்ஜின் சத்தம் இறங்கவில்லை. கால் மிதியடி ஏறி பெடலில் சிக்கியிருக்கும் என்று நினைத்துக் குனிந்து இழுத்துவிட்டேன். கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிட்டது. திரும்பி வரும்போது ஒன்றுமே இல்லை. மறுநாள் மிதியடியையே எடுத்துவிட்டேன். அன்றும் அதேதான். கிளம்பிய முதல் ஐந்து நிமிடம் ஆக்சிலேட்டர் பிடித்துக்கொள்கிறது, பிறகு விட்டுவிடுகிறது.

இந்த இடத்தில் டீசல் வண்டியின் சங்கதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று போகும் வழியில் ஒரு சின்னத் தகடு திறக்கும். பிரெஞ்சில் அதற்குப் 'பப்பியோன்', வண்ணத்துப்பூச்சி என்றே பெயர். என் வண்டியின் டீசல் என்ஜினில் அந்தப் பூச்சி கிடையாது. காற்று தாராளமாகப் போகும். அளந்து கொடுப்பது டீசலை மட்டும்தான். பெடலிலிருந்து ஒரு கேபிள் போய், டீசல் பம்பின் மேலிருக்கும் லீவரை இழுக்கும். காலை எடுத்ததும் லீவரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது ஒரு ஸ்பிரிங். ஆக, பிடிப்பு என்று வந்தால் சந்தேகப்பட நாலைந்து இடம்தான் உண்டு. மிதியடி, பெடலின் கீல், கேபிள், பம்ப் லீவர், ஸ்பிரிங். இது எனக்கு இன்று தெரிகிறது. அன்று தெரிந்தது, வண்டியைப் பாயிடம் கொண்டுபோய் விட வேண்டும் என்பது மட்டும்.

பாயின் பட்டறை நெல்லித்தோப்புப் பக்கம். அவரிடம் எட்டு வருடப் பழக்கம். நான் எழுந்து, குளித்து, பேப்பர் படித்து, டிபன் சாப்பிட்டுப் பத்து மணிக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்து, ஒரு பையனைப் பெடலை மிதிக்கச் சொல்லி, லீவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதித்தால் போகிறது, விட்டால் 'டக்' என்று வருகிறது. "ஒண்ணும் இல்லயே சார்" என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். மறுபடி ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை, என் முகத்துக்காகவோ என்னவோ, பம்ப் லீவர் சுற்றியிருந்த அழுக்கையெல்லாம் டீசல் ஊற்றிக் கழுவி, புது ஸ்பிரிங் ஒன்று போட்டு, முந்நூற்று ஐம்பது ரூபாய் வாங்கினார். வாங்கும்போதே, "காலையிலதான் வருதுன்னு சொல்றீங்க. ஒருநாள் ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க சார். காலைல ஸ்டார்ட் பண்ணாம பாக்கறேன்" என்றார். கோயில் டியூட்டி இருக்கிறதே, விட முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் சொன்னதிலேயே முக்கியமான வார்த்தை அதுதான். நான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை கேட் மூடியிருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கேட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் எனக்கு முன்னால் ஒரு பால்காரர், சைக்கிளில் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். நூறு அடி இருக்கும்போது காலை எடுத்தேன். வண்டி குறையவில்லை. பிரேக்கை மிதித்தேன். குறைகிறது, ஆனால் பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல் இழுக்கிறது. பதறிப்போய் கிளட்சையும் சேர்த்து மிதித்தேன். சுமை விட்டதும் என்ஜின் ஒரு அலறு அலறியது. பின்சீட்டில் அக்கா "கோவிந்தா" என்றாள். சாவியைத் திருப்பினேன். அலறல் நின்றது. வண்டியும் நின்றது. சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

பால்காரர் திரும்பிப் பார்த்தார். உள்ளே இரண்டு பெண்கள், மடியில் பூக்கூடை. "பெரியவரே, சாமிகிட்ட நீங்கதானே போறீங்க? என்னை எதுக்கு முன்னாடி அனுப்பப் பாக்கறீங்க?" என்றார். சிரிப்பதற்குத்தான் சொன்னார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

என் வயதில் இன்னும் பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். அன்று நான் தற்செயலாகச் செய்தது சரியான காரியம்தான். ஆக்சிலேட்டர் பிடித்துக்கொண்டால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். என்ஜின் கத்தும். கத்தட்டும். பம்புக்குள் ஒரு கவர்னர் இருக்கிறது, ஒரு அளவுக்கு மேல் சுற்ற விடாது. பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். சாவியைக் கடைசியில்தான் அணைக்க வேண்டும், அதையும் உருவக் கூடாது. உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். என்ஜின் நின்றுவிட்டால் பிரேக்குக்கு உதவி செய்யும் வேக்குவம் பம்பும் நின்றுவிடும். மிச்சமிருக்கும் வேக்குவத்தில் ஒன்றிரண்டு முறைதான் பிரேக் லேசாக இருக்கும், பிறகு கல் மாதிரி ஆகிவிடும். இன்னும் பழைய டீசல்களில் சாவியை அணைத்தாலும் என்ஜின் நிற்காது, டேஷ்போர்டில் ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்க வேண்டிய குமிழ் எது என்று வீட்டு வாசலிலேயே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அன்று கோயிலுக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டு, வண்டியை ஓரமாகவே உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒன்பது மணிக்குப் பட்டறை திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். பயந்த மனிதனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதற்குக் கண் தெரியாது. நாலு பையன்கள், வண்டி விட வந்த இரண்டு பேர், எல்லோர் முன்னாலும், "வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க பாய். ஒரு ஆளைக் கொன்னிருப்பேன் இன்னிக்கு. எதுக்கு வாங்கினீங்க முந்நூத்தம்பது?" என்று கத்தினேன். முப்பத்தெட்டு வருட சர்வீசில் ஒரு பியூனைக்கூட நான் அப்படிப் பேசியதில்லை.

பாய் ஒன்றும் பேசவில்லை. மேசை டிராயரைத் திறந்து மூன்று நூறும் ஒரு ஐம்பதும் எடுத்துக் கொடுத்தார். நானும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீம்பு. என் மச்சான் பிரெஞ்சுப் படையில் இருந்தவன், எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. ஓய்வுக்குப் பிறகும் அங்கேயே தங்கிவிட்டான். நான் பெழோ வாங்கியது தெரிந்ததும் ஏதோ பழைய புத்தகக் கடையில் 309க்கான ரிப்பேர் நூல் ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தான். அதைத் தூசி தட்டி எடுத்தேன். அதில் டீசல் என்ஜின் 1905 சி.சி. என்று போட்டிருந்தது. அங்கே விற்ற டீசல் 309 வேறு, இங்கே செய்தது வேறு. பாதிப் படங்கள் என் வண்டியோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் வாத்தியார் பிரம்போடு நிற்காமல் பிரெஞ்சு படிப்பதே ஒரு சுகம். நம் மெக்கானிக்குகள் 'ரிட்டன் ஸ்பிரிங்' என்பதை அதில் 'ரெஸ்ஸோர் த ரப்பெல்' என்று எழுதியிருந்தான். ரப்பெல் என்றால் திரும்ப அழைப்பது. ஆபீஸில் பதில் வராத கோப்புக்கு அனுப்பும் ரிமைண்டரும் பிரெஞ்சில் ரப்பெல்தான். பாய் போட்டது புது ரிமைண்டர். அதற்கும் பதில் வரவில்லை என்றால் தாமதம் வேறெங்கோ நடக்கிறது. குமாஸ்தாவுக்குப் புரிகிற மொழியில் இப்படிச் சொன்னால் புரிந்துவிடுகிறது.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், டார்ச் லைட்டோடு பானெட்டைத் திறந்தேன். லீவரிலிருந்து கேபிளைக் கழற்றினேன். லீவரைக் கையால் இழுத்துவிட்டால் 'டக்' என்று போய் நிற்கிறது. ஆக, பம்ப் சுத்தம், ஸ்பிரிங் சுத்தம். பாய் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. கேபிளின் முனையைப் பிடித்து இழுத்தேன். களிமண்ணிலிருந்து கயிற்றை இழுப்பதுபோல் வந்தது. பெடலை மிதிக்கும்போது காலின் பலத்துக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. திரும்பி வர வேண்டியது ஸ்பிரிங்கின் பலத்தில். அதற்கு முடியவில்லை. ஏன் காலையில் மட்டும்?

யோசித்துக்கொண்டே கை கழுவ உள்ளே போனேன். குளியலறை வாசலில் மனைவி தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தாள். "உறைஞ்சு கிடக்கு. அடுப்புப் பக்கத்துல வைங்கன்னு தினம் சொல்றேன்" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ஐப்பசியில், மழைக்கு முன்னால், ஒருநாள் பெடல் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று தோன்றியது. சைக்கிள் காலத்துப் புத்தி. பிரேக் கேபிள் இறுகினால் நாங்கள் என்ன செய்வோம்? தேங்காய் எண்ணெய் விடுவோம். அதேபோல இந்தக் கேபிளையும் பம்ப் பக்கம் கழற்றி, பேனாவுக்கு மை போடும் ஃபில்லரால், அவுட்டருக்குள் சொட்டுச் சொட்டாக நன்றாகவே விட்டிருந்தேன். பெடல் வெண்ணெய் மாதிரி ஆனது. என் கைவண்ணத்தை நானே மெச்சிக்கொண்டு மறந்தும்போனேன். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். மார்கழி விடியற்காலையில் எங்கள் ஊரில் 20, 21 டிகிரிக்கு இறங்கும். என்ஜின் சூடு பானெட்டுக்குள் பரவி எண்ணெய் இளக ஐந்து பத்து நிமிடம். அதற்குள் ரயில்வே கேட் வந்துவிடுகிறது. பத்து மணிக்குப் பட்டறைக்குப் போகும்போது எல்லாம் இளகி ஓடிக்கொண்டிருக்கிறது. பாய் பார்த்தது அதைத்தான்.

நிச்சயம் செய்துகொள்ள, குளிக்க வைத்திருந்த வெந்நீரில் ஒரு செம்பு எடுத்துப்போய் அவுட்டர் மேல் மெதுவாக ஊற்றினேன். கேபிளை இழுத்தேன். சுலபமாக வந்தது.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. வேறு பட்டறையில் கேபிளை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இரண்டாம் நாள், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்தத் தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தேன். மனைவியிடம் சொன்னேன். அவள், "அந்த மனுஷன் நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து வண்டி எடுத்துக் குடுத்தாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மதியம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வண்டியோடு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய் எண்ணெய் என்றதும் ஒரு பையன் சிரித்துவிட்டான். பாய் அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். கேபிளைக் கழற்றி இன்னரை உருவி ஒரு வெள்ளைத் துணியில் இழுத்தார். தூசும் எண்ணெயும் சேர்ந்து கரி மாதிரி வந்தது. நடுவில் ஒரு இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. "பெடல் கனமா இருந்துச்சே, அது இதுதான் சார். அவுட்டருக்குள்ள பிளாஸ்டிக் குழா இருக்கு. அதுக்கு எண்ணெயே வேணாம். முள்ளு பிளாஸ்டிக்கைக் கீறியிருக்கு. கேபிளையே மாத்தணும்" என்றார். ஐப்பசியிலேயே கொண்டுவந்திருந்தால் அரை நாள் வேலை.

புதுக் கேபிள் பாண்டியில் கிடைக்கவில்லை. பழையதைச் சுருட்டி, சாம்பிளாக, சென்னை புதுப்பேட்டைக்கு பஸ்ஸில் அனுப்பினார். மூன்று நாளில் அதே நீளத்தில் ஒன்று வந்தது. போட்டுவிட்டு, பெடலை ஒட்ட மிதித்தால் லீவர் முழுக்கப் போகிறதா, விட்டால் ஐட்லிங் ஸ்க்ரூவில் வந்து முட்டுகிறதா, கேபிளில் ஒரு நூல் அளவு தளர்வு இருக்கிறதா என்று மூன்றையும் எனக்கும் காட்டினார். லீவருக்கு இன்னொரு ஸ்க்ரூவும் உண்டு, சீல் வைத்தது, உச்ச வேகத்துக்கானது. "இதை மட்டும் வீட்டுல தொட்டுறாதீங்க" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எவ்வளவு என்று கேட்டேன். கேபிள் விலையும் பார்சல் கூலியும் மட்டும் சொன்னார். கூடவே ஆயிரம் ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை.

"இதுக்குக் கூலி வேணாம் சார். அந்த முந்நூத்தம்பது நான் செஞ்ச வேலைக்கு. அதைக் குடுங்க. பசங்களைக் கூப்பிடறேன், அவங்க முன்னாடி குடுங்க."

கூப்பிட்டார். நாலு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். மூன்று நூறும் ஒரு ஐம்பதும் எண்ணிக் கொடுத்தேன். "வேலைல தப்பில்ல. தப்பு என்னோடது" என்று சொன்னேன். சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. பாய் பணத்தை டிராயரில் போட்டு மூடிவிட்டு, "டீ சொல்றா" என்றார் ஒரு பையனிடம்.

அடுத்த மார்கழிக்குள் வண்டியே போய்விட்டது. 2011 டிசம்பர் 30, தானே புயல். வாசல் வேப்பமரம் வேரோடு சாய்ந்து கூரையின் மேல் விழுந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு விழாத மரத்தை எண்ணுவதுதான் சுலபம். கரண்டு இல்லாமல் ஒரு வாரம் கழித்து, பாய் ஒரு பையனோடு வந்து பார்த்தார். கதவுத் தூண் மடங்கியிருந்தது, கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. என்ஜினை எடுத்துக்கொள்கிறேன், ஒரு ஜென் டீசலுக்கு ஆகும் என்றார். பானெட்டைக் கடப்பாரையால் நெம்பித் திறந்ததும் அவர் முதலில் கழற்றியது ஆக்சிலேட்டர் கேபிளைத்தான். சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"புதுசு சார். ஒரு வருஷம்கூட ஆகல" என்றார்.